அதே புடவைதானா?

வங்காளிகளிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாத்ர மாதம் பிறந்தால் பீரோவையும் டிரங்குப் பெட்டியையும் காலி செய்து, துணிமணி, கம்பளி, புத்தகம் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் கொண்டுபோய் வெயில் காட்டுவார்கள். பாத்ர மாதம் என்பது நம் ஆவணிதான். ஆனி, ஆடியில் பெய்த மழையின் ஈரம் சுவர், அலமாரி, துணி எல்லாவற்றிலும் ஊறிக் கிடக்கும். நடுநடுவே மழை விடும்போது அடிக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலை வீணாக்காமல் பிடித்துக்கொள்வது இந்த ஊர்ச் சாமர்த்தியம். நான் கல்கத்தாவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு பௌதி சொல்லிக்கொடுத்தார். 35 வருஷங்களுக்கு மேலாக நானும் செய்து வருகிறேன். (கொல்கத்தா என்று பெயர் மாறியது 2001ல். என் வாய்க்கு இன்னும் கல்கத்தாதான். இளைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

போன ஆவணியில் பீரோவைக் காலி செய்தபோது, கணக்கு வாத்தியாராக 27 வருஷம் குப்பை கொட்டிய பழக்கத்தால், புடவைகளை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு இருந்தன. அவற்றில் நான் மாற்றி மாற்றிக் கட்டுவது எத்தனை என்று தனியாக எடுத்து வைத்தேன். ஒன்பது. மீதி முப்பத்தெட்டும் "நல்ல நாளைக்கு ஆகட்டும்" என்று வைத்தவை. அந்த நல்ல நாள் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடியில் என் அம்மாவின் பட்டுப்புடவை இருந்தது. கத்தரிப்பூ நிறம், அரக்கு பார்டர், காஞ்சிபுரம் கோர்வை. அம்மா போன பிறகு 22 வருஷமாக என்னிடம் இருக்கிறது. நான் அதை நான்கு தடவைதான் கட்டியிருப்பேன். பட்டை நேர் வெயிலில் போடக்கூடாது, நிறம் போய்விடும். ஆகவே நிழலில் கொடியில் போடலாம் என்று பிரித்து லேசாக உதறினேன். 'சர்' என்று ஒரு சத்தம். மடிப்பு மடிப்பாக, கத்தியால் கோடு போட்டதுபோல நான்கு இடத்தில் பிளந்திருந்தது. கட்டிக் கிழியவில்லை, கட்டாமலே கிழிந்திருக்கிறது.

பட்டுக்கு இது பழைய வியாதி. ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதற்கு மேல் தங்கம் பூசியது. எவ்வளவு மெல்லியதானாலும் உலோகம் உலோகந்தானே? வருஷக்கணக்காக ஒரே மடிப்பில், மேலே இருபது புடவைகளின் கனத்தோடு கிடந்தால் மடிப்புக் கோட்டில் இழை நொறுங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும், பழைய மல் வேஷ்டியில் சுற்றி வைக்க வேண்டும், பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பிறருக்குச் சொல்லவும் சொல்லுவேன். செய்ததில்லை. மடிப்பை மாற்றுவதற்குச் சிறந்த வழி புடவையை எடுத்துக் கட்டுவது. அதையும் நான் செய்யவில்லை.

கிழிந்த புடவையை எடுத்துக்கொண்டு, எங்கள் லேக் மார்க்கெட் பக்கத்திலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு மாமி வீட்டுக்குப் போனேன். அவர் கை ஊசி வேலைக்குப் பேர்போனது. ரிஃபு செய்கிறவர்களே அவர் தைத்ததைப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நம் சங்கத்துக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமி புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை ரிஃபு பண்ண முடியாதுடி. ஒரு கோட்டைத் தைச்சா பக்கத்துல விடும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உன்கிட்ட நாப்பது புடவை இருக்கு, நாப்பதும் பீரோவுல இருக்கு. என்கிட்ட பட்டுன்னு இருக்கறது மூணு. மூணையும் நான் கட்டிண்டுதான் வந்தேன். இப்போ கிழிஞ்சது யாரோடதுன்னு பாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அதற்கு முந்தின வருஷத்து நவராத்திரி விழாவில், சுண்டல் வாங்க வரிசையில் நின்றபோது, நான் அவரைப் பார்த்து, "என்ன மாமி, இந்த அரக்குப் புடவை உங்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே!" என்று சொல்லியிருந்தேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். அதன் பிறகு தீபாவளிக் கூட்டம், பொங்கல் விழா, சித்திரைப் புத்தாண்டு என்று எதற்கும் அவர் வரவில்லை. மாமாவின் வைத்தியச் செலவுக்குப் பிறகு அந்த வீட்டில் புதுப் பட்டு எடுத்து எத்தனை வருஷமாகிறது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம் அதுதான். 'பழைய உடையைப் புதுவிதமாக உடுத்துவது எப்படி?' என்று பெண்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பெரும்பாலும் கடைசியில் ஒரு பெல்ட்டோ ஒரு ஜாக்கெட்டோ வாங்கச் சொல்லி முடிப்பார்கள். நான் சொல்லப்போவது ஒன்றும் வாங்காமல் செய்யக்கூடியது. அத்தோடு, இதை நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்தால் போதாது, சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஒருத்தி பழைய புடவையைக் கட்ட, ஒன்பது பேர் "அதே புடவைதானா?" என்று கண்ணால் கேட்டால் எந்த யோசனையும் பலிக்காது. இப்போது விழா முடிந்து வீடு போய்ச் சேருமுன் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு விரல் போதும். முன்பெல்லாம் மறதி என்று ஒரு நல்ல பொருள் நம்மிடம் இருந்தது.

மாமி வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். மன்னிப்புக் கேட்டேன். அது எப்படிக் கேட்டேன் என்பது இங்கே வேண்டாம். கேட்டுவிட்டு, "அந்த மூன்று புடவையையும் எடுங்கள், மாமி" என்றேன். தயங்கித் தயங்கி எடுத்தார். அரக்கு ஒன்று, மயில்கழுத்து ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று. ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் அதன் ரவிக்கை, அதே நிறத்தில். அரக்குக்கு அரக்கு, மயில்கழுத்துக்கு மயில்கழுத்து, மஞ்சளுக்கு மஞ்சள்.

நம் தலைமுறைக்கு இந்த 'மேட்சிங்' எவ்வளவு பெரிய விரதமாக இருந்தது என்பது இப்போதுள்ள பெண்களுக்குத் தெரியாது. புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறுவோம். டூ பை டூ ரூபியா துணிக் கட்டுகள் நூறு நிறத்தில் அடுக்கியிருக்கும். வெளியே வந்து வெயிலில் வைத்துப் பார்த்து, ஒரு மாற்று கூடினாலும் குறைந்தாலும் திரும்ப உள்ளே போவோம். அந்தத் துணியைத் தைத்த பிறகு அந்த ரவிக்கை அந்தப் புடவைக்கு மட்டுமே சொந்தம். ரவிக்கை இறுகிப்போனால் புடவையும் பீரோவுக்குள் போய்விடும். என் முப்பத்தெட்டில் பதினோரு புடவைகள் ரவிக்கை பிடிக்காத காரணத்தால் மட்டுமே உள்ளே கிடந்தவை!

வங்காளிப் பெண்களிடம் இந்த விரதம் நம் அளவுக்கு இல்லை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைக்குச் சிவப்பு ரவிக்கை போடுவார்கள். அதே சிவப்பு ரவிக்கை அடுத்த நாள் பச்சை தாந்த் புடவையோடு, அதற்கடுத்த நாள் கறுப்புக் கரைப் புடவையோடு வரும். கூட வேலை பார்த்த வங்காளி டீச்சர் ஒருவர் ஐந்தே ரவிக்கைகளை வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்டுவார், அவர் ஒரே மாதிரி வந்ததாக எனக்கு நினைவே இல்லை. நான் வந்த புதிதில், "பாவம், மேட்சிங் கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று நினைத்தேன். பாவம் யார் என்பது தெரியப் பத்து வருஷம் ஆயிற்று.

மாமியின் கட்டிலில் மூன்று புடவைகளையும் வரிசையாக விரித்து, மூன்று ரவிக்கைகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். மாம்பழ மஞ்சளின் மேல் அரக்கு ரவிக்கை. மயில்கழுத்தின் மேல் மஞ்சள். அரக்கின் மேல் மயில்கழுத்து. மூன்று புடவை, மூன்று ரவிக்கை, மும்மூன்று ஒன்பது. எட்டாம் வகுப்பு கணக்கு. இருபது வருஷமாக மூன்றாக இருந்தது, ஒரு பைசாச் செலவில்லாமல் ஒன்பதாகிவிட்டது. ஒன்பதில் இரண்டு சரியில்லை என்று மாமி தள்ளினார் (அரக்கின் மேல் மஞ்சள் அவருக்குப் பிடிக்கவில்லை, கோவில் குங்கும டப்பா மாதிரி இருக்கிறதாம்). இருக்கட்டும், ஏழு. ரவிக்கைகள் தொளதொளத்திருந்தன, மாமி அவ்வளவு இளைத்திருந்தார். பக்கத் தையலைப் பிடித்துவிட அவருக்கு அரை மணி நேரம் போதும். குண்டானவர்களும் கவலைப்பட வேண்டாம். பழைய தையல்காரர்கள் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள், ஒரு தையலைப் பிரித்தால் ஒரு அங்குலம் கிடைக்கும். பிரித்த இடத்தில் நிறம் அழுத்தமாகத் தெரியும். அது அக்குளுக்குக் கீழே. அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"எல்லாம் சரிடி. ஆனா நம்மளவா இப்படிக் கட்டுவாளா?" என்று மாமி கேட்டார். அப்போதுதான் இந்த ஊரில் நடந்த ஒரு கதையை அவருக்குச் சொன்னேன்.

ரவீந்திரநாத் தாகூருக்கு ஓர் அண்ணி, ஞானதானந்தினி தேவி. அவருடைய கணவர் சத்யேந்திரநாத் தாகூர் 1863ல் ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். அவருக்கு உத்தியோகம் பம்பாய் மாகாணத்தில். அந்தக் காலத்து வங்காளப் பெண்கள் வீட்டுக்குள் ஒற்றைப் புடவையை உடம்பில் சுற்றிக்கொள்வார்கள். ரவிக்கையும் இல்லை, உள்பாவாடையும் இல்லை. அதோடு நாலு பேர் முன்னால் வர முடியாது. பம்பாயில் பார்சிப் பெண்கள் கட்டும் விதத்தைப் பார்த்து, அதிலிருந்து எடுத்து, ரவிக்கை, பாவாடையோடு கொசுவம் வைத்துக் கட்டும் முறை ஒன்றை ஞானதானந்தினி தமக்கென அமைத்துக்கொண்டார். பார்சிகள் வலது தோளில் போடும் தலைப்பை, வலது கை வேலைக்கு வேண்டும் என்று இடது தோளுக்கு மாற்றினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கல்கத்தா திரும்பியதும் மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பிரம்ம சமாஜத்துப் பெண்களிடையே அது பரவியது. அவர் புதுத் துணி எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் இருந்த அதே புடவைதான். ஊர் விட்டு ஊர் போன ஒரு பெண், போன இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நாமும் ஊர் விட்டு வந்தவர்கள். நம் பாட்டிமார் ஒன்பது கஜத்தை விட்டு ஆறு கஜத்துக்கு வந்தபோதும், "நம்மவர்கள் இப்படிக் கட்டுவார்களா?" என்று ஒரு கிழவி கேட்டுத்தான் இருப்பாள்.

மாமி அரைமனதாகத் தலையாட்டினார்.

கட்டும் விதத்தை மாற்றுவது பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கனமான ஜரிகைத் தலைப்பு உள்ள புடவையை வாங்கிவிட்டு, அதை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தோளில் ஊசி குத்திக்கொள்கிறோம். தறிக்காரர் நாள் கணக்காக நெய்த தலைப்பு முதுகுக்குப் பின்னால் கயிறாகத் தொங்குகிறது. உட்கார்ந்திருக்கும் விழாவுக்கு ஒற்றைத் தலைப்பாக விட்டுக் கையில் ஏந்திக்கொள்ளலாம். குஜராத்திப் பெண்கள் போலப் பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, மார்பின் குறுக்கே விரித்து இடது இடுப்பில் செருகினால் முழுத் தலைப்பும் எதிரே இருப்பவர் கண்ணில் படும். பந்தி விசாரிக்கும் நாளில் மட்டும் இரண்டும் வேண்டாம், சாம்பாரில் தோயும். அன்றைக்கு மடித்து ஊசி குத்தி இடுப்பில் செருகுவதே உத்தமம்.

இரண்டு பக்கமும் வேறு வேறு நிறக் கரை உள்ள புடவை பலரிடம் இருக்கும். கங்கா ஜமுனா என்பார்கள். மேல் கரை இடுப்பில் மறைந்து, கீழ்க்கரை மட்டும் ஆயுள் முழுக்கத் தெரிந்துகொண்டிருக்கும். தலைப்பில் பெரிய வேலைப்பாடு இல்லாத பருத்திப் புடவையானால், தலைப்பை உள்ளே செருக ஆரம்பித்து, உள் முனையைத் தோளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மறைந்திருந்த கரை கீழே வந்துவிடும், வேறு புடவை என்றே சொல்வார்கள். ஃபால்ஸைப் பிரித்து அடுத்த கரையில் தைக்க வேண்டும். ஒரு மத்தியான வேலை. அடிக்கரை தேய்ந்துபோன புடவைக்கு இது மறுபிறவி. என் கோயம்புத்தூர்ப் புடவைகள் இரண்டு இப்படித்தான் உயிர் பிழைத்தன.

தினப்படிக் கட்டும் பருத்திக்கு வருவோம். பட்டு வருஷத்தில் பத்து நாள், பருத்தி மீதி நாளெல்லாம். பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் பள்ளிக்கென்று எட்டுப் புடவை இருந்தது. வகுப்புப் பெண்கள் டீச்சர்களின் புடவைகளுக்கு டைம்டேபிளே போட்டு வைத்திருப்பார்கள். இது டீச்சராக இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் என் பழைய மதுரைச் சுங்குடி, கத்தரிப்பூ நிறம், அதற்குரிய ரவிக்கை துவைக்கப் போயிருந்ததால், அகப்பட்ட ஒரு கலம்காரி ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். நான்கு பெண்கள் வந்து, "மிஸ், புதுப் புடவையா?" என்றார்கள். அந்தச் சுங்குடிக்கு அப்போது ஏழு வயது. அன்றோடு மேட்சிங் விரதத்தை முடித்துக்கொண்டேன்.

அனுபவத்தில் சொல்கிறேன்: கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று, சந்தனம் ஒன்று, கலம்காரி போலப் பல நிறம் கலந்தது ஒன்று, ஆக நான்கு பருத்தி ரவிக்கைகள் இருபது புடவைக்குக் காணும். கஞ்சியையும் மறக்கக்கூடாது. மொடமொடவென்று கஞ்சி போட்ட சுங்குடி ஒரு புடவை, கஞ்சி போடாமல் துவண்டு விழும் அதே சுங்குடி வேறொரு புடவை. முதலாவது கூட்டத்துக்கு, இரண்டாவது ரயிலுக்கு. மார்கழி, தை மாதக் குளிரில் சால்வை போர்த்துவதால் ரவிக்கையே வெளியே தெரியாது. பிடிக்காத ரவிக்கைகளைப் போட்டுத் தீர்க்க அதுதான் சீசன்.

ஆண்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று இவர் கேட்கிறார். ஆண்களுக்குப் பிரச்சினையே கிடையாது. ஒரே பட்டு வேஷ்டியை முப்பது வருஷம் பொங்கலுக்குப் பொங்கல் கட்டினாலும், "இன்னும் அதே வேஷ்டியா?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தப் பாக்கியம் நமக்கும் வர வேண்டும் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி வெட்டுவதா வேண்டாமா என்ற விவகாரம். பெங்களூரில் இருக்கும் என் பெண், புடவை கிழிந்த செய்தியைக் கேட்டதும் போனிலேயே, "அம்மா, உன் பீரோவில் சும்மா கிடப்பதை எல்லாம் அனுப்பு. கவுனும் குர்த்தாவுமாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். கட்டாமல் மக்குவதைவிட நல்லதுதானே?" என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை, எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒவ்வொரு இழை ஓட்டத்திலும் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா போட்டு, இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்து நெய்ய வேண்டும். பழைய முறையில் தறியில் நெசவாளியோடு பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். அப்படிக் கோத்ததைக் கத்தரிக்கோலால் பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. புடவை புடவையாக இருக்கும்வரை அம்மா கட்டலாம், பெண் கட்டலாம், மருமகள் கட்டலாம். ஒருத்தி குண்டு, ஒருத்தி ஒல்லி என்பதெல்லாம் அதற்குக் கிடையாது. கவுனாகத் தைத்தால் அது அந்த ஒருத்தியின் அந்த வருஷத்து அளவு. பிறகு? ஆகவே முழுசாக இருப்பதை வெட்டாதே, கிழிந்ததைத் தயங்காமல் வெட்டு என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

அதன்படி அம்மாவின் புடவையை மாமி கையாலேயே வெட்டச் சொன்னேன். கத்தரிக்கோல் வைக்கும்போது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. தலைப்பும் அதை ஒட்டிய பாகமும் பிளவில்லாமல் இருந்தன. அதில் இரண்டரை கஜத்தில் என் பெண்ணுக்கு ஒரு துப்பட்டா கிடைத்தது. அடியில் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்திருக்கிறார். வெள்ளைக் குர்த்தாவின் மேல் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறாள். கரையை நீளமாகப் பிரித்தெடுத்து, கரையே இல்லாத என் பழைய தஸர் பட்டுப் புடவைக்கு வைத்தோம். (ஜரிகைக் கரையை ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற மெல்லிய துணியில் வைக்காதீர்கள். கனம் தாங்காமல் துணி சுருங்கி இழுக்கும், நான் ஒரு புடவையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்ட பாடம்.)

மீதித் துண்டுகளை எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த நாட்டுப் பெண்களுக்குக் காந்தா என்றால் இன்று கண்காட்சியில் விற்கும் விலை உயர்ந்த பொருள் மட்டும் இல்லை. பழைய புடவையையும் வேஷ்டியையும் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்குப் போர்வை தைப்பது அவர்கள் பாட்டி வழி வந்த வேலை. தைக்கும் நூலைக்கூட அந்தக் காலத்தில் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்களாம். எங்கள் பெண்மணி உள்ளே பருத்தியைக் கொடுத்து, மேலே என் அம்மாவின் கத்தரிப்பூப் பட்டைத் துண்டு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார், தன் பேத்திக்கு.

இதையெல்லாம் நம் செயற்குழு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். "எல்லாரும் பழையதையே கட்டினால் காஞ்சிபுரத்து நெசவாளி என்ன சாப்பிடுவார்?" நல்ல கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். "அதே புடவையா?" என்ற கேள்விக்குப் பயந்து நாம் வருஷத்துக்கு ஐந்து வாங்குகிறோமே, அவை எவை? நான்கு ரகம் நான்கு கடையில், விலை மலிவாக, விசைத்தறியில் ஓடியது, பாலியெஸ்டர் கலந்தது, ஜரிகை என்ற பெயரில் பிளாஸ்டிக் மின்னுவது. அந்தப் பணத்தில் கைத்தறி நெசவாளிக்கு ஒரு காசும் போவதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் வேறு எதையும் விற்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் இருந்தும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். ஐந்துக்குப் பதில் மூன்று வருஷத்துக்கு ஒன்று, அசல் கைத்தறி என்று வாங்கி, அதைக் கிழியும்வரை கட்டினால் நெசவாளிக்கும் நல்லது. நண்பர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மறுப்பை அடுத்த இதழில் எழுதட்டும்.

என் யோசனை இதுதான். வரும் நவராத்திரி விழாவில் ஒரு மாலையைப் பழைய புடவைக்கென்று ஒதுக்க வேண்டும். கட்டி வரும் புடவைக்கு வயது பத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் இதுவரை கட்டாத விதமாகக் கட்டி வர வேண்டும். ரவிக்கை மாற்றமோ, தலைப்பு மாற்றமோ, கரை மாற்றமோ, அவரவர் இஷ்டம். பரிசு, போட்டி, மார்க் எதுவும் வேண்டாம், அது வந்தால் மறுபடி எண்ண ஆரம்பித்துவிடுவோம். அன்று எடுக்கும் போட்டோவை நம் மலரில் போடும்போது புடவையின் வயதையும் கீழே போடலாம். ஆண்களும் அவரவர் கல்யாண வேஷ்டி இருந்தால் கட்டி வரலாம், இடுப்பில் நின்றால்.

இந்தத் தை மாதப் பொங்கல் விழாவுக்கு மாமி வந்திருந்தார். பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அரக்குப் புடவை, மயில்கழுத்து ரவிக்கை, தலைப்பு முன்பக்கம். புதிதாக ஊருக்கு வந்திருக்கும் ஓர் இளம்பெண் அவரிடம் போய், "புடவை ரொம்ப நன்னா இருக்கு மாமி, எப்போ எடுத்தேள்?" என்று கேட்டாள். மாமி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எடுத்து இருபத்தோரு வருஷம் ஆறது. அதே புடவைதான். வேணும்னா இவளைக் கேளு, இவளுக்குத்தான் கணக்கு நன்னாத் தெரியும்" என்றார்.

செயலாளரிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். வைகாசிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.